உயிரணுக்களில் பொருள்கள் புகுவதும் வெளியேறுவதும்: மரவள்ளிக் கிழங்கைக் கொண்டு ஒரு பாடம்

திருவனந்தபுரத்திலும் அதனை அடுத்த கன்னியாகுமரி மாவட்டத்திலும் மரச்சீனி என்றும், கேரளத்தின் பிற பகுதிகளில் கப்பை என்றும், சேலம் வட்டாரத்தில் குச்சிக் கிழங்கு என்றும் வழங்கும் மரவள்ளிக் கிழங்கை அறியாதார் இப்பகுதிகளில் இலர். அதனைச் சமைக்கும் முறையும் எல்லோரும் அறிந்ததே. தோலை முற்றிலும் நீக்கி, துண்டுகளாக்கி, நிறைய நீர் விட்டுக் கொதிக்கவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிடுவர். அதன் பின்னரே உப்பும் தேங்காயும் சேர்ப்பது வழக்கம்.

இவ்வழக்கம் ஒரு கேள்வியை எழுப்புகிறது. காய்கறிகளை வேகவைத்த நீரைக் கொட்டுதல் ஆகாது, அதில் சத்துக்கள் வீணாகின்றன என்று பள்ளிகளில் கற்பிக்கிறோம். சுகாதாரப் பணியாளரும் அதனையே வலியுறுத்துகின்றனர். அவ்வாறாயின், மரவள்ளியின் நீரை மட்டும் கொட்டுவது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், உயிரணுவுக்குள் பொருள்கள் எவ்வாறு செல்கின்றன, எவ்வாறு வெளிவருகின்றன, எவை தடுக்கப்படுகின்றன என்பவற்றை அறிதல் வேண்டும். பாடநூலில் வெறும் சொற்களாகத் தோன்றும் இப்பொருள், அடுப்பங்கரையில் உயிர் காக்கும் அறிவாக மாறுவதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பயிரின் வரலாறு

மரவள்ளி நம் நாட்டுப் பயிர் அன்று. அதன் தாயகம் தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியரால் மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுவரப்பட்ட இப்பயிரைத் திருவிதாங்கூரில் மக்களிடையே பரப்பிய பெருமை, 1880 முதல் 1885 வரை ஆட்சி புரிந்த விசாகம் திருநாள் மகாராஜாவைச் சாரும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றுபோக, திருவிதாங்கூர் மக்களில் பெரும்பாலோரின் பசியைத் தணித்தது இக்கிழங்கே.

இத்தகைய கிழங்குப் பயிர்களை ஆராய்வதற்கென, இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1963இல் திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியம் பகுதியில் நிறுவப்பட்டது. 1971இல் வெளியிடப்பட்ட எச்-165, எச்-226 முதலிய கலப்பினங்கள் இந்நிலையத்தில் உருவானவை. பின்னர் வந்த ஓர் இனத்திற்கு ‘ஸ்ரீ விசாகம்’ என்று மேற்கூறிய அரசரின் பெயரே இடப்பட்டது. விளைச்சலைப் பெருக்குவதோடு, கிழங்கிலுள்ள நச்சுப்பொருளின் அளவையும், அதனை நீக்கும் வழிகளையும் ஆராய்வது இந்நிலையத்தின் பணிகளுள் ஒன்றாக இருந்து வருகிறது.

உயிரணுவின் அமைப்பு

தாவர உயிரணு ஒன்றை மூன்று அடைப்புக்கள் கொண்ட ஒரு வீட்டிற்கு ஒப்பிடலாம். வெளியில் இருப்பது செல்லுலோசால் ஆகிய உயிரணுச் சுவர். இஃது உறுதியைத் தருவது; ஆயினும் நீரையும் அதில் கரைந்த சிறு பொருள்களையும் தடுப்பதில்லை. சுவரை ஒட்டி உட்புறம் இருப்பது உயிரணுச் சவ்வு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால், அதில் ஏழெட்டுப் பங்கே இதன் கனம். உள்ளே, உயிரணுவின் பெரும்பகுதியை நிறைத்து நிற்பது சாறு நிரம்பிய நுண்குமிழி. அதனைச் சுற்றியும் ஒரு சவ்வு உண்டு.

சவ்வானது கொழுப்பைச் சார்ந்த மூலக்கூறுகள் இரு வரிசையாக அமைந்த ஏடு என்பதை 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் ஹாலந்து நாட்டு அறிஞர் இருவர் எடுத்துக் காட்டினர். இவ்வேட்டில் ஆங்காங்கே புரதங்கள் பதிந்துள்ளன என்பதும், அவையே பல பொருள்களுக்கு வாயிலாக அமைகின்றன என்பதும் பின்னர் வெளியாயின. எனவே சவ்வின் குணம் இரண்டு: கொழுப்பு ஏடு பெரும்பாலானவற்றைத் தடுக்கிறது, புரத வாயில்கள் குறிப்பிட்ட சிலவற்றை அனுமதிக்கின்றன.

பொருள்கள் கடக்கும் வழிகள்

முதலாவது, நேரடிப் பரவல். செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குப் பொருள்கள் தாமே பரவுவது இயற்கை. பிராணவாயு, கரியமிலவாயு போன்ற மின்னேற்றமற்ற சிறு மூலக்கூறுகள் கொழுப்பு ஏட்டின் ஊடாகவே எளிதில் பரவுகின்றன. இதற்கு உயிரணு யாதொரு சக்தியையும் செலவிடுவதில்லை.

இரண்டாவது, வாயில் வழிப் பரவல். சர்க்கரை போன்ற மூலக்கூறுகளும், மின்னேற்றம் பெற்ற உப்பு அயனிகளும் கொழுப்பு ஏட்டை எளிதில் கடக்க இயலா. தமக்குரிய புரத வாயில் இருந்தால் மட்டுமே அவை செல்லும். நீர் ஓரளவு ஏட்டின் ஊடாகவும், பெருமளவில் தனக்கென அமைந்த வாயில்களின் வழியாகவும் செல்கிறது. நீரின் வாயிலாகிய புரதத்தைக் கண்டறிந்தமைக்காக அமெரிக்க அறிஞர் பீட்டர் ஆக்ரே 2003இல் நோபல் பரிசு பெற்றார். சவ்வின் ஒரு புறம் கரைபொருள் மிகுந்திருப்பின், நீர் அப்புறம் நோக்கிச் செல்லும். இதுவே சவ்வூடு பரவல் எனப்படுவது.

மூன்றாவது, சக்தியைச் செலவிட்டு ஏற்றுதல். செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்திற்கு ஒரு பொருளைக் கொண்டுசெல்லுதல், பள்ளத்து நீரை மேட்டுக்கு இறைப்பது போன்றது. மண்ணின் நீரில் மிகச் சிறிதளவே உள்ள பொட்டாசியத்தை வேரின் உயிரணுக்கள் இவ்வழியில் திரட்டிக்கொள்கின்றன. உயிருள்ள வரையே இச்செயல் நடைபெறும்.

வகுப்பில் செய்து காட்டத்தக்க இரு பரிசோதனைகள்

இப்பாடம் மரவள்ளியைப் பற்றியதாயினும், பரிசோதனைக்குப் பச்சை மரவள்ளியைப் பயன்படுத்துதல் தகாது. மாணவர் அதனைச் சுவைத்துப் பார்க்கக் கூடும். உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் போதுமானவை.

பரிசோதனை 1. உருளைக்கிழங்குகள் மூன்றின் அடிப்பகுதியைச் சமமாக வெட்டி, அடிப்புறத் தோலைச் சீவி, மேற்புறத்தில் கிண்ணம் போல் குடைந்துகொள்க. இவற்றுள் ஒன்றை மட்டும் முன்னதாக வேகவைத்திருத்தல் வேண்டும். மூன்றையும் ஆழமற்ற நீர்த்தட்டில் நிறுத்துக. பச்சைக் கிழங்கு ஒன்றின் குழியிலும் வெந்த கிழங்கின் குழியிலும் இரண்டிரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை இடுக. மூன்றாவது குழி வெறுமையாக இருக்கட்டும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், சர்க்கரை இட்ட பச்சைக் கிழங்கின் குழியில் நீர் ஏறி நிற்கும். வெறும் குழியில் நீர் இராது. வெந்த கிழங்கின் குழியில் சர்க்கரை ஈரத்தால் கரையலாமேயன்றி நீர்மட்டம் அவ்வாறு உயராது. பச்சைக் கிழங்கின் சவ்வுகள் சர்க்கரையைத் தடுத்து நீரை விட்டன. வெந்த கிழங்கின் சவ்வுகள் எதனையும் தடுக்கும் ஆற்றலை இழந்துவிட்டன.

பரிசோதனை 2. பீட்ரூட்டைச் சிறு துண்டுகளாக்கி, வெட்டுமுகத்தில் உள்ள சாறு நீங்கும்வரை குளிர்ந்த நீரில் பன்முறை கழுவுக. பின்பு சில துண்டுகளைக் குளிர்ந்த நீரிலும், சிலவற்றைக் கொதிநீரிலும் இடுக. குளிர்ந்த நீர் நெடுநேரம் தெளிவாகவே இருக்கும். கொதிநீரோ விரைவில் செந்நிறம் அடையும். செந்நிறப் பொருள் நுண்குமிழியில் அடைபட்டிருந்தது. வெப்பம் சவ்வுகளைச் சிதைத்தவுடன் அது வெளிப்பட்டது.

இவ்விரண்டாம் பரிசோதனையில் சிவப்புச் சாயத்தின் இடத்தில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு நச்சுப்பொருளை வைத்துப் பார்த்தால், மரவள்ளியின் கதை விளங்கும்.

பூட்டிய அறையில் உள்ள நஞ்சு

மரவள்ளியின் இலை, தோல், கிழங்கு ஆகிய எல்லாவற்றிலும் லினமரின் என்னும் பொருள் உண்டு. குளுக்கோசுடன் சயனைடுப் பகுதி ஒன்று பிணைந்ததே லினமரின். அது நீரில் நன்கு கரையும். ஆயினும், சர்க்கரை இணைந்திருப்பதால் கொழுப்பு ஏட்டைத் தாமே கடக்க இயலாது. ஆதலின், நுண்குமிழியில் அது பத்திரமாக அடைபட்டிருக்கிறது. லினமரினைப் பிளக்கவல்ல லினமரேஸ் என்னும் நொதியோ உயிரணுச் சுவரில் உள்ளது. நஞ்சின் மூலமும் அதனை விடுவிக்கும் கருவியும் ஒரே உயிரணுவில் இருந்தும், இடையே சவ்வுகள் நிற்பதால் அவை சந்திப்பதில்லை.

எலியோ பூச்சியோ கிழங்கைக் கடிக்கும்போது சவ்வுகள் கிழிகின்றன; இரண்டும் கலக்கின்றன. லினமரின் முதலில் குளுக்கோசாகவும் அசிட்டோன் சயனோஹைட்ரினாகவும் பிளவுபடுகிறது. பின்னது சிதைந்து அசிட்டோனையும் ஹைட்ரஜன் சயனைடையும் தருகிறது. கடித்த உயிரியைத் துரத்தத் தாவரம் கொண்டுள்ள தற்காப்பு இது.

ஹைட்ரஜன் சயனைடு மின்னேற்றமற்ற மிகச் சிறு மூலக்கூறு. எனவே அது எந்த வாயிலையும் நாடாமல், சவ்வின் ஊடாகவே உடலின் உயிரணுக்களுக்குள் பரவிவிடுகிறது. உள்ளே, மைட்டோகாண்ட்ரியாவில் பிராணவாயுவைப் பயன்படுத்தும் நொதியை அது முடக்குகிறது. இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உயிரணு அதனைப் பயன்படுத்த முடியாமல் தவிக்கிறது. தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி, மூச்சு இரைத்தல் ஆகியவை இதன் குறிகள். இக்குறிகள் தோன்றினால் கைவைத்தியத்தில் காலம் கடத்தாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

சமையலில் நிகழ்வது யாது?

கிழங்கைக் கொதிநீரில் இடும்போது இரண்டு நிகழ்ச்சிகள் நேர்கின்றன. சவ்வுகள் சிதைகின்றன; நொதியும் வெப்பத்தால் செயலிழக்கிறது. நொதி இல்லையாதலால், எஞ்சிய லினமரின் பிளவுபடாமல் அப்படியே நிற்கிறது. கொதிக்க வைத்தாலே நஞ்சு அழிந்துவிடும் என்று கருதுவது இவ்விடத்தில் பிழையாகிறது. லினமரின் கொதிநீரின் வெப்பத்தில் எளிதில் அழிவதில்லை. அது நீரில் கரைந்து வெளியேறுவது ஒன்றே வழி. அவ்வாறு வெளியேறியதை நீருடன் கொட்டிவிடுவதே நம் வீடுகளின் வழக்கம்.

துண்டின் பருமன் எவ்வளவு சிறிதோ, லினமரின் பரவிவர வேண்டிய தொலைவு அவ்வளவு குறைவு. நீரின் அளவு எவ்வளவு மிகுதியோ, கிழங்கில் எஞ்சுவது அவ்வளவு குறைவு. இதனை ஆசிரியர்கள் எளிய கணக்கால் விளக்கலாம். பரவல் முழுமையாக நடைபெற்று, கிழங்கின் ஈரத்திலும் வெளிநீரிலும் லினமரினின் செறிவு சமமாகிவிடுவதாகக் கொள்வோம். கிழங்கின் ஈரம் ஒரு பங்கு, வெளிநீர் ஒரு பங்கு எனில் பாதி லினமரின் கிழங்கிலேயே தங்கும். வெளிநீர் நான்கு பங்கு எனில் ஐந்தில் ஒன்றே தங்கும். அதே நான்கு பங்கு நீரை இரண்டிரண்டு பங்காகப் பிரித்து, இடையில் ஒருமுறை வடித்து மாற்றினால், மூன்றில் ஒன்றின் மூன்றில் ஒன்று, அதாவது ஒன்பதில் ஒன்றே எஞ்சும். அடுப்பில் பரவல் முழுமை பெறுமுன் கிழங்கு வெந்துவிடக் கூடுமாதலால், உண்மையில் இதனினும் மிகுதியாகவே தங்கும். எனினும், நீரை மாற்றுவதன் பயனை இக்கணக்கு தெளிவாக்குகிறது.

குளிர்ந்த நீரில் துண்டுகளைச் சிறிது நேரம் ஊறவைத்தல் மட்டும் போதாது என்பதும் இதனால் விளங்கும். பீட்ரூட் குளிர்ந்த நீரில் சாயத்தை விடாதது போலவே, உயிருள்ள மரவள்ளித் துண்டும் லினமரினை விடுவதில்லை.

இதற்கு நேர்மாறான மற்றொரு முறையும் உண்டு. கிழங்கைத் துருவி அல்லது இடித்து, ஈரத்துடன் சில மணி நேரம் வைத்திருந்து, பின்பு வெயிலில் உலர்த்துவது அது. இங்கே சவ்வுகள் கிழிகின்றன. ஆனால் நொதி செயலுடன் இருக்கிறது. லினமரின் முற்றிலும் பிளவுபட, ஹைட்ரஜன் சயனைடு விடுபடுகிறது. அதன் கொதிநிலை சுமார் 26 டிகிரி சென்டிகிரேடு. எனவே திருவனந்தபுரத்தின் சாதாரணப் பகல் வெப்பத்திலேயே அது ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். சமையல் முறையில் நஞ்சின் மூலம் நீரோடு போகிறது; இம்முறையில் நஞ்சே காற்றோடு போகிறது. நஞ்சு நீக்கும் திறனில் பின்னதே மேம்பட்டது. இவ்வேலையைக் காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில் செய்தல் வேண்டும்.

அரைவேக்காடாக வேகவைத்து உலர்த்தும் வாட்டுக் கப்பை முதல் முறையைச் சேர்ந்தது. ஆதலின் அதற்கும் நீரை வடித்தல் இன்றியமையாதது. சேலம் பகுதியில் ஜவ்வரிசிக்காகக் கிழங்கை அரைத்து மாவை நீரில் படியவைக்கும்போது, நீரில் கரையாத மாவு அடியில் தங்க, நச்சுப்பொருள்கள் நீரோடு செல்கின்றன. அக்கழிவுநீரைக் கால்நடைகள் குடிக்காதவாறு காத்தல் வேண்டும்.

உடலின் தற்காப்பும் அதன் விலையும்

உணவில் எஞ்சும் சிறிதளவு சயனைடை நம் உடல் தாமே மாற்றிவிடும் ஆற்றல் உடையது. ஈரலிலுள்ள நொதி ஒன்று அதனுடன் கந்தகத்தைச் சேர்த்து, நச்சு குறைந்த தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. இதற்கு வேண்டிய கந்தகம் புரத உணவிலிருந்தே கிடைக்கிறது. கேரளத்தில் மரவள்ளியை மீன் கறியுடன் உண்ணும் வழக்கம், சுவைக்காக ஏற்பட்டதாயினும், உடலுக்கு இவ்வகையில் துணை செய்கிறது. மீன் கிடைக்காதவிடத்துப் பயறு, பருப்பு, முட்டை ஆகியவை சேர்க்கத்தக்கவை.

புரதம் இன்றி, சரிவரப் பக்குவப்படுத்தாத மரவள்ளியையே நாள்தோறும் உண்ண நேர்ந்தால் விளையும் கேட்டிற்கு ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாடு சான்று. 1981இல் அங்கு நாம்புலா மாநிலத்தில் கடும் வறட்சி நேர்ந்தது. நச்சு மிகுந்த கிழங்கைத் தவிர வேறு உணவு இல்லை. பசியின் அவசரத்தில் உலர்த்தும் நாட்களும் குறுக்கப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், அவர்களுள் பெரும்பாலும் பெண்களும் சிறுவரும், கால்கள் விறைத்து நடக்க இயலாதவராயினர். கொன்சோ எனப்படும் இந்நோய் தீராதது.

தயோசயனேட்டினாலும் ஒரு விளைவு உண்டு. தைராய்டுச் சுரப்பியின் உயிரணுக்கள் இரத்தத்திலுள்ள அயோடினை, முன்னர்க் கூறிய மூன்றாம் வழியால், 20 முதல் 40 மடங்கு செறிவாகத் திரட்டுகின்றன. தயோசயனேட்டு அதே வாயிலில் போட்டியிட்டு அயோடின் புகுவதைக் குறைக்கிறது. உணவில் அயோடினும் குறைவாயின் கழலை நோய் தோன்றக் கூடும். மரவள்ளி மிகுதியாக உண்ணும் குடும்பங்களுக்கு அயோடின் சேர்த்த உப்பு பெரிதும் தேவை.

களப் பணியாளர் கவனிக்க வேண்டியவை

1. எல்லா இனங்களிலும் நச்சின் அளவு ஒன்றன்று. பச்சைக் கிழங்கில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைவாக ஹைட்ரஜன் சயனைடு தரக்கூடியவையே இனிப்பு வகைகள் எனச் சர்வதேச உணவு விதிகள் வகுக்கின்றன. மரவள்ளி மாவில் இந்த அளவு 10 மில்லிகிராமைத் தாண்டலாகாது. மாவு ஆலைக்கென வளர்க்கும் இனத்தை வீட்டுச் சமையலுக்குக் கொள்வோர், அதன் தன்மையை அறிந்து கொள்ளல் வேண்டும்.

2. வறட்சியில் விளைந்த கிழங்கில் நச்சு மிகும். தழைச்சத்தை மிகையாக இடுவதும் அதனைக் கூட்டும். சாம்பல்சத்து போதிய அளவில் இருப்பின் குறையும். ஆகையால் மண் பரிசோதனைப்படி உரமிடுதல் நலம்.

3. தோலில் நச்சு மிகுதி. தோலையும் பச்சை இலையையும் ஆடு மாடுகளுக்கு அப்படியே இடலாகாது. இலைகளை நறுக்கி நன்கு உலர்த்திய பின்னரே, பிற தீவனத்துடன் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

4. பறித்த கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கும். நிறம் மாறிய கிழங்கையும், கசப்பான கிழங்கையும் உண்ணுதல் கூடாது.

5. நீரை வடிக்கும் பழக்கம் இல்லாத ஊர்களுக்கு இக்கிழங்கு புதிதாகச் செல்லும்போது, விதைக் குச்சியுடன் சமைக்கும் முறையையும் சேர்த்துக் கற்பித்தல் பணியாளரின் கடமை.

வகுப்பில் கேட்கத்தக்க வினாக்கள்

1. லினமரின் சவ்வைக் கடக்க இயலாதிருக்க, அதிலிருந்து பிறந்த ஹைட்ரஜன் சயனைடு எளிதில் கடப்பது ஏன்?

2. மரவள்ளித் துண்டுகளை முதலிலேயே கொதிநீரில் இடுவதற்கும், துருவி வைத்திருந்து உலர்த்துவதற்கும் நொதியின் செயலில் உள்ள வேறுபாடு யாது?

3. கீரையை வேகவைத்த நீரைக் கொட்டலாகாது. மரவள்ளியை வேகவைத்த நீரைக் கொட்டவேண்டும். இவ்விரு விதிகளுக்கும் அடிப்படையான இயற்கை நிகழ்ச்சி ஒன்றேயாகும். அஃது எது?

மூன்றாம் வினாவிற்கு மாணவர் தாமே விடை காணும்வரை ஆசிரியர் காத்திருத்தல் நன்று. வெப்பத்தால் சவ்வு சிதைந்தபின், நல்லதாயினும் தீயதாயினும், கரைந்த பொருள்கள் நீரை நோக்கிப் பரவுகின்றன. எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று தெரிவு செய்யும் வேலை உயிருள்ள வரை சவ்வினுடையது. அடுப்பில் ஏறியபின் அது சமைப்போரின் பொறுப்பாகிறது. இதனை உணர்ந்த மாணவன், அன்று மாலையே தன் வீட்டில் பானையின் அளவையும் துண்டுகளின் பருமனையும் கவனிக்கத் தொடங்குவான். இப்பாடத்தின் பயன் அதுவேயாகும்.